துணையோடு வளரும் மரம்

போளூருக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவே, சாலையோரத்தில் இருக்கிற ஊர் சந்தவாசல். பேருந்தை விட்டு இறங்கி மேற்கே திரும்பினால் ஜவ்வாது மலை வரிசை கண்ணில் படும். கோடையில் பழுத்துக் காய்ந்த நிறம். ஆடி மழைக்குப் பிறகு மெல்லப் பச்சை ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் இறங்கி மலையைப் பாதி மூடிவிடும். இந்த ஊரின் பெயரில் ஒரு வனச்சரகமும் உண்டு. ஊர்ப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தனம்தான் நினைவுக்கு வருகிறது. பெயரின் ஒலி ஒரு காரணம், மலையின் வரலாறு இன்னொரு காரணம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் சந்தனக் காடு என்றால் முதலில் சொல்லப்பட்ட மலைகளில் ஒன்று ஜவ்வாது. வெட்டிய கட்டைகள் மலைக்கு அந்தப்புறம் திருப்பத்தூரில் இருக்கும் அரசுச் சந்தனக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தன.

சந்தன மரத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்லித்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும். அது தனியாக வளராது. இலை பச்சையாகத்தான் இருக்கும், வெயிலில் தனக்கான உணவைத் தானே சமைக்கவும் செய்யும். ஆனால் மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் போதிய அளவு எடுக்கும் வல்லமை அதன் வேருக்கு இல்லை. அதனால் மண்ணுக்கடியில் பக்கத்து மரத்தின் வேரைத் தேடிப் போகிறது. தொட்ட இடத்தில் சின்னப் பொத்தான் போல ஓர் உறிஞ்சுறுப்பு உண்டாகி, அந்த வேருக்குள் நுழைந்து, நீரையும் உப்பையும் பகிர்ந்துகொள்கிறது. தாவரவியலில் இதற்குப் பாதி ஒட்டுண்ணி என்று பெயர். புங்கம், வெள்வேல், உசிலை, புல், செடி என்று 300-க்கும் மேற்பட்ட தாவரங்களோடு சந்தனம் இப்படிக் கைகோத்துக்கொள்ளும்.

நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சந்தன விதை முளைத்து நாலு இலை விட்டதும் அதே பாலித்தீன் பைக்குள் ஒரு பொன்னாங்கண்ணித் தண்டைக் கிள்ளி ஊன்றிவிடுவார்கள். வயலில் நடும்போது அருகிலேயே துவரை போடுவார்கள். கொஞ்சம் வளர்ந்தபின் பல ஆண்டுகள் நிற்கக்கூடிய துணைமரம் வேண்டும். துணை கிடைக்காத கன்று வெளிறி, குறுகி, ஒரு கோடையைத் தாண்டாமல் போய்விடும். துணையோடு நின்றாலும் வாசனை உடனே வராது. உள்ளே வைரம் பாய்வதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள், நல்ல கட்டையாவதற்கு இன்னும் பல ஆண்டுகள். விதையைக் கொண்டுபோய்ப் போடுவது பெரும்பாலும் குயிலும் மைனாவும் கொண்டைக்குருவியும். பழத்தைத் தின்றுவிட்டு ஏதாவது புதரின் மேல் உட்கார்ந்து எச்சமிடுகின்றன. விழுகிற இடத்திலேயே சந்தனத்துக்குத் துணை தயாராக இருக்கிறது.

இந்தச் சிறு விவரத்தை மனதில் வைத்துக்கொண்டு, காட்டை வெட்டினால் அதற்கு ஈடாக மரம் நடுவது என்ற நம் நாட்டுச் சட்ட ஏற்பாட்டைப் பார்க்க விரும்புகிறேன். அந்த ஏற்பாடு மரத்தை மரமாக மட்டும் எண்ணுகிறது. அதன் துணைகளை எண்ணுவதற்கு அதில் இடமில்லை. அந்தத் துணைகளில் மனிதரும் உண்டு.

1980-ல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டம், காட்டு நிலத்தைச் சுரங்கம், அணை, சாலை, மின்பாதை போன்ற வேறு காரியத்துக்குக் கொடுக்க வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதி தேவை என்றது. அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. காட்டை எடுத்துக்கொள்பவர் அதே அளவு காடல்லாத நிலத்தைக் கொடுத்து, அதில் மரம் வளர்க்கும் செலவையும் ஏற்க வேண்டும். அப்படி நிலம் கிடைக்காத சில வகைத் திட்டங்களுக்கு, இரண்டு மடங்குப் பரப்பில் சீர்கெட்ட காட்டில் நட்டால் போதும். ஹெக்டேருக்குக் குறைந்தது 1,000 கன்று என்பது வழிகாட்டு நெறிகளில் அடிபடும் எண். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடைவெளி விட்டுக் குழி எடுத்தால் ஒரு ஹெக்டேரில் 1,111 குழி வரும். கணக்கு ஏறக்குறைய ஒத்துவரும்.

இந்தச் சட்டத்துக்கு வலுவைக் கொடுத்த வழக்கு நம் நீலகிரியில் தொடங்கியது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதைத் தாங்க முடியாமல், நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடு எதுவோ அது காடுதான் என்று சொல்லி நாடு முழுவதும் அனுமதியில்லா வெட்டை நிறுத்தியது. அதே வழக்கு நீண்டுகொண்டே போய், 2002-ல் இன்னொரு கட்டணத்தைக் கொண்டுவந்தது. அதன் பெயர் நிகர இன்றைய மதிப்பு. காடு தரும் நீர், காற்று, விறகு, உயிர்வளம் எல்லாவற்றையும் வரப்போகும் ஆண்டுகளுக்குக் கூட்டி இன்றைய ரூபாயில் சொல்லும் முயற்சி. 2022 ஜனவரியில் திருத்திய விகிதப்படி, காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து ஹெக்டேருக்கு ஏறக்குறைய 9.6 லட்சம் முதல் 16 லட்சம் ரூபாய் வரை கட்ட வேண்டும்.

பணம் சேர்ந்தது, மிக வேகமாகவே. மரம் அதே வேகத்தில் சேரவில்லை. 2013-ல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை 2006 முதல் 2012 வரையிலான கணக்கைத் திறந்து காட்டியது. காட்டுக்கு ஈடாக வந்திருக்க வேண்டிய காடல்லாத நிலம் 1,03,382 ஹெக்டேர். வந்து சேர்ந்தது 28,086 ஹெக்டேர். அதில் மரம் நட்டது ஏறக்குறைய 7,281 ஹெக்டேர். நூறு ஏக்கர் காடு போனால் ஏழு ஏக்கரில்தான் கன்று ஊன்றியிருக்கிறார்கள். அந்தக் கன்றுகள் பிழைத்தனவா என்பது அதற்கடுத்த கேள்வி.

2016-ல் இழப்பீட்டுக் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் வந்து, தேங்கிக் கிடந்த பணத்துக்கு வழி திறந்தது. பத்தில் ஒன்பது பங்கு மாநிலங்களுக்கு, ஒரு பங்கு தேசிய நிதிக்கு. 2019 ஆகஸ்டில் 27 மாநிலங்களுக்கு 47,436 கோடி ரூபாய் கைமாறியது. இவ்வளவு பெரிய தொகை காட்டுக்காகவே ஒதுக்கப்பட்டது மகிழ்ச்சி தர வேண்டிய செய்தி. ஆனால் அந்தப் பணம் எந்த மண்ணில் இறங்குகிறது, அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும்போது மகிழ்ச்சி தங்குவதில்லை.

முதலில் மண்ணைப் பார்ப்போம். சந்தவாசலுக்கு அருகே படவேட்டுக்கு மேலே கமண்டல நாகநதி மலையை விட்டு இறங்குகிறது. அதன் குறுக்கே செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. 287 மில்லியன் கன அடி கொள்ளளவு. செய்யாறும் இதே மலையில்தான் பிறக்கிறது. மலையில் பெய்யும் மழை ஒரே நாளில் ஓடி வந்துவிட்டால் அணைக்கு வண்டல்தான் மிஞ்சும். மெல்லக் கசிந்து தை, மாசி வரை வந்தால் கீழே கரும்பும் நெல்லும் நிற்கும், கிணறு ஊறும். இந்த இரண்டில் எது நடக்கும் என்பதை முடிவு செய்வது மேல் மண்ணின் ஒரு சாண் ஆழம். பழைய காட்டில் அந்த ஒரு சாண், கரையானும் மண்புழுவும் அழுகிய வேர்களும் துளைத்த நுண்ணிய குழாய்களால் நிறைந்திருக்கும். மழைத்துளி இலையில் உடைந்து, சருகில் தணிந்து, அந்தக் குழாய்களில் இறங்கும்.

கர்நாடக மாநிலத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் செய்து 2010-ல் வெளியான ஒரு மண்ணாய்வு இதை அளந்து பார்த்தது. இயற்கைக் காட்டு மண் நீரை வேகமாக உள்வாங்கியது. மேய்ச்சலும் வெட்டும் மிதித்துக் கெட்டித்த மண் அதை மிக மெதுவாகத்தான் வாங்கியது. அப்படிக் கெட்ட நிலத்தில் வேலமரத் தோப்பு போட்ட இடங்களிலும் மண்ணின் பழைய குணம் முழுதாகத் திரும்பவில்லை. மேலே பார்த்தால் பச்சை. கீழே மண் இன்னும் காட்டு மண்ணாகவில்லை. மரம் வளர பத்தாண்டு போதும், மண் வளர அது போதாது.

கரிமக் கணக்கும் அப்படித்தான். இன்று காடு வளர்ப்பு என்றாலே காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சி வைப்பது என்ற பேச்சு முன்னால் வருகிறது. 2019-ல் நேச்சர் இதழில் சைமன் லூயிஸும் கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். காட்டைத் தானாக வளர விட்டால் அது பிடித்து வைக்கும் கரிமம், வெட்டி விற்கும் தோப்பு பிடித்து வைப்பதைப்போல சராசரியாக 40 மடங்கு. தோப்பைச் சில ஆண்டுக்கொருமுறை வெட்டிவிடுவதால் பிடித்தது மீண்டும் காற்றுக்கே போய்விடுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காப்பகங்களில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டியது. பல இன மரங்கள் கலந்த இயற்கைக் காடு வறட்சி ஆண்டிலும் ஏறக்குறைய அதே அளவு கரிமத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. தேக்கும் தைல மரமும் நின்ற தோப்புகள் வறட்சியில் தடுமாறின. காரணம் எளியது. ஒரே இன மரத்துக்கு ஒரே ஆழத்தில் வேர், ஒரே மாதத்தில் இலையுதிர்வு, ஒரே நோய். கலந்த காட்டில் ஒன்று சோரும்போது இன்னொன்று நிற்கிறது. சாமைக்குள் துவரையைக் கலந்து விதைக்கும் மலை விவசாயிக்கு இந்தத் தர்க்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் பல பத்தாண்டுகளாக அரசு நட்ட தோட்டங்களை எரிக் கோல்மனும் ஃபாரஸ்ட் ஃப்ளைஷ்மனும் இன்னும் சில ஆய்வாளர்களும் செயற்கைக்கோள் படங்களோடும் வீடு வீடாகக் கேட்ட விவரங்களோடும் ஒப்பிட்டு 2021-ல் எழுதினார்கள். அவ்வளவு நட்டும் மர நிழலின் பரப்பு கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. மக்களுக்கு விறகும் தழையும் தந்த அகன்ற இலை மரங்கள் மட்டும் குறைந்துபோயிருந்தன. நடுவது எளிது, வளர்ப்பது கடினம் என்று இதைச் சுருக்கிவிடலாம்தான். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. எங்கே நட்டார்கள் என்பதுதான் மையமான கேள்வி என்று நினைக்கிறேன்.

ஜவ்வாது மலையின் அடிவாரம் முட்புதர்க் காடு. மேலே ஏற ஏற வறண்ட இலையுதிர் காடு. ஆச்சா, வெக்காலி, உசிலை, வேங்கை, கடுக்காய், நெல்லி, நாவல், மூங்கில், நடுநடுவே புல்வெளி, ஊரருகே புளி, இலுப்பை, பலா. இப்படிப்பட்ட காட்டுக்கென்று ஒரு வாழும் முறை உண்டு. இங்கே பல மரங்கள் விதையை மட்டும் நம்பி இருப்பதில்லை. வெட்டினாலும், கோடைத் தீயில் கருகினாலும், மாடு கடித்தாலும் அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் மறுபடி துளிர்க்கும். முழங்கால் உயரம் வளர்ந்து, மறுபடி கருகி, மறுபடி துளிர்த்து, பல ஆண்டுகள் வெறும் புதர் போலவே நிற்கும். அந்த ஆண்டுகளிலெல்லாம் வேர் தடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று ஆண்டு தீயும் மேய்ச்சலும் ஓய்ந்தால், சேமித்த பலத்தோடு ஒரே மூச்சில் மேலே போய்விடும். சந்தனமும் வேர்த்துளிரில் பிறக்கக்கூடிய மரம்தான்.

தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இது சீர்கெட்ட காடு. அரசுக் கோப்பில் அந்தச் சொல் எழுதப்பட்டவுடன் அது மரம் நடத் தகுதியான நிலம் ஆகிவிடுகிறது. புதரை அகற்றி, ஒன்றரை அடிக்குக் குழி தோண்டி, நாற்றங்கால் கன்றை ஊன்றும்போது, மண்ணுக்கடியில் காத்திருந்த வேர்க்காடு சிதைகிறது. புதிய கன்றுக்கு அந்த வேர்பலம் கிடையாது. அடுத்த கோடைத் தீயில் அது போய்விடும். புல்வெளியிலும் இதுவே கதை. இந்தியாவின் வறண்ட இலையுதிர் காடுகளில் பலவற்றைப் புல்லும் மரமும் கலந்த சவன்னாவாகப் பார்க்க வேண்டும் என்று ஜெயஸ்ரீ ரத்னமும் மகேஷ் சங்கரனும் கூட்டாளிகளும் 2011 முதல் எழுதிவருகிறார்கள். புல் அங்கே குறைபாடு இல்லை, அந்த நிலத்தின் இயல்பு. வெயில் விரும்பும் எத்தனையோ செடிகள், கிழங்குகள், கௌதாரி, முயல் எல்லாம் அந்தத் திறந்த வெளியை நம்பி வாழ்கின்றன. அங்கே நெருக்கி மரம் நட்டால் ஓர் உயிர்ச்சூழலை அழித்து இன்னொன்றின் பாவனையை உண்டாக்குகிறோம்.

இத்தனைக்கும் ஏடுகளில் காட்டுப் பரப்பு குறையாது. இந்திய வன அளவை நிறுவனம் இரண்டாண்டுக்கொருமுறை செயற்கைக்கோள் படத்தை வைத்து அளக்கும்போது, ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் பத்து சதவீதத்துக்கு மேல் மர நிழலும் இருந்தால் அது காட்டுப் பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம் என்று பார்ப்பதில்லை. தைலத் தோப்பும் அதில் சேரும், தென்னந்தோப்பும் சேரும். அந்த அளவைக்கென்று ஒரு பயன் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சோலை போய் ஒரு சவுக்குத் தோப்பு வந்தால் அந்த எண்ணில் இழப்பு தெரியாது. இதன் உச்சத்தை கிரேட் நிக்கோபார் தீவில் பார்க்கலாம். துறைமுகத்துக்கும் நகரத்துக்குமாக 130.75 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுக்க 2022 அக்டோபரில் கொள்கையளவில் அனுமதி தரப்பட்டது. ஈட்டு மரம் நடுவதாகச் சொன்ன இடம் அரியானா. ஆண்டெல்லாம் மழை பெய்யும் தீவின் காட்டுக்கு வறண்ட ஆரவல்லி மண் எப்படி ஈடாகும்? அங்கே வாழும் ஷோம்பென் மக்களுக்கு அரியானாவில் நிற்கும் மரம் எதைத் தரும்?

இங்கேதான் மனிதர்கள் வருகிறார்கள். ஜவ்வாது மலையில் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம், மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர். தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாகத் தங்கள் கதையில் சொல்வார்கள். சாமையும் கேழ்வரகும் விதைக்கிறார்கள். தேன், புளி, கடுக்காய், நெல்லி, சீத்தாப்பழம் என்று காட்டில் எடுப்பதைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். எந்த மடுவில் கோடையிலும் நீர் நிற்கும், எந்தப் பாறையில் தேன் கட்டும், எந்தச் சரிவில் எந்தக் கிழங்கு என்பது அவர்களுக்குப் பாடம். 1882-ல் வந்த சென்னை வனச் சட்டத்தின் கீழ் காப்புக்காடுகளுக்கு எல்லைக்கல் நடப்பட்டபோது, அந்த அறிவும் பழக்கமும் உரிமையாக எழுதப்படவில்லை. சிலவற்றைச் சலுகை என்று எழுதினார்கள். சலுகை என்றால் எந்த நாளும் திரும்பப் பெறக்கூடியது.

அந்தப் பிழையைத் திருத்தத்தான் 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதன் முகப்புரையே இது வரலாற்று அநீதியைச் சரிசெய்யும் முயற்சி என்று ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் உழுது வாழும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை. பழங்குடி அல்லாத காடுவாழ் மக்களுக்கு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுச் சான்று வேண்டும். என் பார்வையில் இதைவிடப் பெரியது இன்னொரு பிரிவு. ஊர் மரபாகப் பயன்படுத்திக் காத்துவந்த காட்டைத் தொடர்ந்து காக்கவும் மீட்டுவளர்க்கவும் மேலாளவும் கிராம சபைக்கு உரிமை தரும் சமூக வன வளப் பிரிவு அது. உரிமைகளை ஆராய்ந்து முடிக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது.

தமிழ்நாட்டில் இது வேர்விடத் தாமதமானது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் உரிமைப் பத்திரம் தர முடியாத நிலை உண்டானது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கும்வரை எட்டு ஆண்டுகள் போயின. எட்டு ஆண்டு என்றால் சாட்சி சொல்லக்கூடிய முதியவர்களில் பலர் இறந்துபோகிற காலம். நம் மாநிலத்தில் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால், பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான தனிச் சட்டத்தின் பாதுகாப்பும் ஜவ்வாதுக்கு இல்லை. பல குக்கிராமங்களைச் சேர்த்து ஓர் ஊராட்சி, ஓர் ஊராட்சிக்கு ஒரு கிராம சபைக் கூட்டம் என்று நடக்கும்போது, மூன்று மலைமேடு தாண்டியிருக்கும் சிற்றூரின் குரல் கூட்டத்துக்கு வந்து சேர்வதே பெரிய பாடு.

இப்போது இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காட்டை எடுக்க வரும்போது அங்கே வாழ்பவர்களின் சம்மதம் வேண்டுமா? 2009 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுப்பிய சுற்றறிக்கை வேண்டும் என்றது. உரிமைகளைத் தீர்த்து, கிராம சபையின் ஒப்புதல் தீர்மானத்தோடு வந்தால்தான் காட்டு நிலம் மாற்றப்படும். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கத்துக்கு எதிராக டோங்ரியா கோந்து மக்கள் போராடியபோது, முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது உச்ச நீதிமன்றம். 2013 ஏப்ரல் 18 தீர்ப்பு அது. அந்த மழைக்காலத்தில் கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. பிறகு வந்த 2022 விதிகள், மத்திய அரசு தன் இறுதி அனுமதியை முதலில் தந்துவிடலாம் என்றன. உரிமைகளைத் தீர்ப்பது அதற்குப் பிறகு மாநில அரசின் வேலை ஆனது. அனுமதியும் பணமும் கைமாறிய பிறகு ஒரு மலைக் கிராமம் வேண்டாம் என்று சொன்னால் அது எவ்வளவு தூரம் எடுபடும்?

மரம் நட வரும்போது? இதைப் பற்றிப் பேசுபவர்கள் இன்னும் குறைவு. எனக்கு இதுதான் அதிக வலி தருகிற இடம். ஒரு காடு வேறெங்கோ சுரங்கத்துக்குப் போகிறது. அதற்கு ஈடாக நடப்படும் மரம் ஜவ்வாது போன்ற ஒரு மலையில், ஒரு குடும்பம் முறைவைத்து உழுது தரிசு விட்டிருக்கும் சரிவில், அல்லது ஊர் மாடு மேயும் புல்வெளியில் வந்து இறங்கக்கூடும். கம்பிவேலி போட்டு, மேய்ச்சல் தடை என்று பலகை வைத்தால், காட்டை வெட்டாதவர்கள் அந்த வெட்டுக்கு இரண்டாம் முறை விலை கொடுக்கிறார்கள். ஒடிசாவின் கந்தமால் மலைகளில் பழங்குடிகள் தங்கள் உழவு நிலத்தில் தேக்கு நடப்பட்டதாகப் பல ஆண்டுகளாக முறையிட்டுவருகிறார்கள். 2016-ல் இழப்பீட்டு நிதி மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது, கிராம சபையின் சம்மதத்தைச் சட்டத்திலேயே எழுதச் சொல்லி அவை உறுப்பினர் ஜெய்ராம் ரமேஷ் வாதாடினார். அது நடக்கவில்லை. 2018 விதிகளில் கலந்தாலோசனை என்ற சொல் வந்தது, அதுவும் கிராம சபையோடு அல்லது கிராம வனக் குழுவோடு. வனக் குழு என்பது வனத்துறை அமைப்பது, அதில் துறை அலுவலருக்குக் கை ஓங்கியிருக்கும். சட்டப்படி எழுந்த கிராம சபைக்கு அதை மாற்றாக வைத்தது தவறு என்றே கருதுகிறேன்.

காட்டோடு உள்ள உறவை உரிமையாக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மலைக்கே ஒரு துயரம் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிக் காவல் படை 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்த திருவண்ணாமலை மாவட்ட ஊர்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள். மரமும் மலையும் தெரிந்த கைகளை யார் கூலிக்கு அழைத்தார்கள், ஏன் அவர்கள் போனார்கள் என்று கேட்டால், வறுமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். சொந்த மலையின் கடுக்காயிலும் தேனிலும் சந்தனத்திலும் சட்டப்படி நிலையான பங்கு இருந்திருந்தால் அந்த இளைஞர்களில் சிலராவது வீட்டில் இருந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

உரிமையைக் கையில் கொடுத்தால் காடு என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெந்தா லேகா என்ற கோண்டு பழங்குடிச் சிற்றூர். 2009-ல் ஏறக்குறைய 1,800 ஹெக்டேர் காட்டுக்கு நாட்டிலேயே முதன்முதலாகச் சமூக வன உரிமை பெற்ற ஊர்களில் ஒன்று. 2011-ல் தன் மூங்கிலைத் தானே விற்கும் அனுமதியும் வந்தது. எத்தனை வெட்டுவது, எந்தப் பகுதிக்கு ஓய்வு தருவது என்பதை ஊரே உட்கார்ந்து தீர்மானிக்கிறது. ஓர் ஊரை வைத்து எல்லாவற்றுக்கும் முடிவு கட்ட முடியாது என்பவர்களுக்கு, பத்து நாடுகளில் 80 பொதுக் காடுகளை ஒப்பிட்டு அஷ்வினி சத்ரேயும் அருண் அகர்வாலும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. காட்டின் பரப்பு பெரிதாகவும், விதிகளை வகுக்கும் அதிகாரம் ஊரார் கையில் அதிகமாகவும் இருந்த இடங்களில் கரிமச் சேமிப்பும் வாழ்வாதாரப் பயனும் சேர்ந்தே கூடியிருந்தன.

ஆக, ஈட்டு நிதியைச் சந்தவாசல் சரகத்தின் மலையில் செலவிட வேண்டிவந்தால் எப்படிச் செய்யலாம்? முதலில் நடவேண்டிய இடமும் நடவேண்டாத இடமும் பிரிய வேண்டும். வேர் உயிரோடு இருக்கும் புதர்க்காட்டில் குழி வேண்டாம். தீத்தடுப்புக் கோடு எடுக்கவும், மேய்ச்சலை ஊர்ப் பேச்சில் சுற்றுமுறையாக்கவும், உண்ணிச்செடியைப் பிடுங்கவும், நல்ல துளிர் ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கழிக்கவும் கூலி கொடுத்தால் போதும். கன்று வாங்குவதைவிட இது மலிவு, கூலியும் ஊரிலேயே தங்கும். மண் முற்றிலும் அரித்துப்போன சரிவில் நடலாம். அங்கேயும் தேக்கு ஒன்றை மட்டும் வரிசையில் நிறுத்தாமல் நெல்லி, கடுக்காய், இலுப்பை, நாவல், புங்கம், அவற்றின் நடுவே சந்தனம். சந்தனத்துக்கு எந்தத் துணை நிலைக்கும் என்று மலையில் கேட்டால் சொல்வார்கள். ஓராண்டு கழித்துப் பிழைத்த கன்றை எண்ணுவதோடு நிறுத்தாமல், பத்தாண்டு கழித்து மழை மண்ணில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்றும் அளக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஓர் இரும்பு வளையமும் கடிகாரமும் ஒரு குடம் நீரும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளே அளந்துவிடுவார்கள்.

எங்கே எதைச் செய்வது என்று காட்டும் வரைபடத்துக்கு எங்கே போவது? வன உரிமை விதிகளிலேயே அதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. கிராம சபை உரிமை கோரும்போது எதையெல்லாம் சான்றாக வைக்கலாம் என்று 13-ஆம் விதி வரிசைப்படுத்துகிறது. மரபாக மாடு மேய்ந்த வெளி, கிழங்கு தோண்டிய இடம், தழையும் காட்டுப் பழமும் எடுத்த சரிவு, மக்களும் மாடும் குடித்த நீர்நிலை, நாட்டு வைத்தியர் மூலிகை பறித்த பகுதி, சாமி மரம், சாமி காடு, சுடுகாடு. அரசு ஆவணம் இல்லாவிட்டாலும் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிச் சான்றாக வைக்கலாம். இந்தக் கூட்டத்துக்கு மொத்த உறுப்பினரில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவரில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கிழங்கு இருக்கும் இடமும் கோடையில் வற்றாத ஊற்றும் பெண்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

ஒரு சூழலியலாளர் ஆறு மாதம் அலைந்து தயாரிக்க விரும்பும் வரைபடம் இது. எந்தச் சரிவு நீரைப் பிடிக்கிறது, எங்கே விதைமரங்கள் நிற்கின்றன, எந்தப் புல்வெளி எவ்வளவு காலமாகப் புல்வெளி என்பதெல்லாம் அதில் இருக்கும். ஜவ்வாதின் ஒவ்வொரு சிற்றூரும் அதை வரைந்து கொடுக்கக்கூடிய நிலையில் இன்னும் இருக்கிறது. குழி தோண்டும் ஆள் மலையேறுவதற்கு முன், ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரையும் பாட்டிமார்களையும் ஒரு புளிய மர நிழலில் உட்கார வைத்து, ஒரு பெரிய தாளை விரித்து, மழை முடிந்த ஒரு மாதத்துக்குள் அதைச் செய்துவிடலாம்.